நிலப்படத்தில் எமக்கு இடமெங்கே?

ரொறொன்ரோ நகரசபை மண்டபத்தின் முன்றிலில் நின்று ஒளிப்படம் எடுத்துக்கொள்ளாத தமிழ்க் குடும்பம் இந்நகரில் இருக்குமா என்பது ஐயமே. ஊரிலுள்ள பெற்றோருக்கு நாம் அனுப்பிய முதற் படமும் அங்கே எடுத்ததுதான். பின்னால் வளைந்த இரு மாடங்கள். அவற்றின் நடுவே பெருந்தட்டு வடிவில் சபாமண்டபம். முன்னால் பனிக்காலத்தில் உறைந்து சறுக்குத் திடலாகிவிடும் தடாகம். இரவல் வாங்கிய குளிரங்கிக்குள் நாம். அந்தக் கட்டடம் எதன் மேல் நிற்கிறது என்பதை அன்று எமக்குச் சொல்வாரில்லை. அதனைப் பற்றியும், பொதுவாகக் கட்டட வரைபடங்கள் எதைக் காட்டி எதை மறைக்கின்றன என்பது பற்றியும் இக்கிழமை எழுத விழைகிறோம்.

1958 ஆம் ஆண்டு இந்நகரசபைக்கென அனைத்துலகப் போட்டியொன்று நடைபெற்றது. 42 நாடுகளிலிருந்து 500 இற்கும் மேற்பட்ட வரைபடங்கள் வந்து குவிந்தன. வென்றவர் பின்லாந்து நாட்டுக் கட்டடக் கலைஞர் வில்ஜோ ரெவெல். நடுவர்களில் ஒருவரான ஈரோ சாரினென் பிந்தி வந்து, ஏனையோர் ஒதுக்கிவைத்த படங்களைப் புரட்டியபோது இவ்வரைபடத்தைக் கண்டெடுத்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. 1965 செப்டெம்பரில் கட்டடம் திறந்துவைக்கப்பட்டது. அதைக் காண ரெவெல் உயிரோடு இருக்கவில்லை. முந்திய ஆண்டு நவம்பரில், 54 வயதில் காலமாகிவிட்டார்.

அவருடைய கிடைப்படத்தைப் பார்த்தவர்களுக்கு ஓர் உண்மை உடனே புலனாகும். இரு வளைந்த மாடங்களும் இரண்டு இமைகள்; நடுவிலுள்ள சபாமண்டபம் கண்மணி. மேலிருந்து நோக்கினால் முழுக் கட்டடமும் ஒரு கண். தரையில் நிற்பவர் இதனை அறியார். வரைபடத்தை விரித்துப் பார்க்கும் அதிகாரமுடையோருக்கும் ஆகாயத்திற் பறப்போருக்குமே அந்தக் கண் தெரியும்.

அழகான கட்டடம் என்பதில் எமக்கு மறுப்பில்லை. ஆயினும் வாசகர்கள் ஒருநாள் அதன் பின்புறமாகவும் ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். சதுக்கத்தை நோக்கிய உட்புறமெல்லாம் கண்ணாடி. வெளிப்புறம், அதாவது மாடங்களின் முதுகு, யன்னலே இல்லாத சீமெந்துச் சுவர். எம்மைப் போன்றோர் எடுத்துவைத்திருக்கும் படங்களில் இந்த முதுகு விழுவதேயில்லை. அந்த முதுகு யாரை நோக்கித் திரும்பியிருக்கிறது என்று கேட்டால்தான் கதை தொடங்குகிறது.

கல்லூரி வீதி, குயின் வீதி, யங் வீதி, யூனிவேர்சிற்றி அவெனியூ ஆகிய நான்கு தெருக்களுக்கும் இடைப்பட்ட நிலம் ஒரு காலத்தில் ‘த வோர்ட்’ எனப்பட்டது. அமெரிக்காவில் அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த கறுப்பின மக்கள், பஞ்சத்துக்குத் தப்பிய அயர்லாந்தவர், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஓடிவந்த யூதர், இத்தாலியர், சீனர் என்று வந்தவர்கள் எல்லாரும் முதலில் ஒதுங்கியது அங்கேதான். எம்மைப் போலவே அவர்களும் ஓரறையில் பலர் படுத்து, ஒரு குழாயில் பலர் நீரெடுத்து, கிடைத்த வேலையைச் செய்து பிழைத்தார்கள். 1911 இல் நகரின் சுகாதார அதிகாரி சார்ள்ஸ் ஹேஸ்ரிங்ஸ் அவ்விடத்து வீடுகளின் கேட்டை விவரித்து அறிக்கை எழுதினார். நகரசபையின் ஒளிப்படக்காரர் ஆர்தர் கொஸ் அந்த வீடுகளையும் முற்றங்களையும் படமெடுத்தார். ‘எழுவர் குழு’ ஓவியர் லோறன் ஹறிஸ் அவற்றை வண்ணத்தில் தீட்டினார். அறிக்கையும் எழுதப்பட்டது, ஓவியமும் தீட்டப்பட்டது. பின்னர் நிலம் எடுக்கப்பட்டது.

நகரின் முதலாவது சீனர் குடியிருப்பு எலிசபெத் வீதியை ஒட்டி இருந்தது. நகரசபைக் கட்டடத்துக்கும் சதுக்கத்துக்குமாக அதன் பெரும்பகுதி கையகப்படுத்தி இடிக்கப்பட்டது. போட்டிக்கு வந்தவர்களின் மேசையில் அந்த நிலம் ஒரு வெற்றுத்தாள். அதில் சலவைக்கடை இல்லை, உணவுக்கடை இல்லை, மேல்மாடியில் உறங்கும் கூலியாள் இல்லை. வரைபடக் கலையின் முதல் வேலையே இவ்வாறு தாளைத் துடைத்து வெள்ளையாக்குவதுதான் போலும்.

எஞ்சிய சீனர் தெருக்களையும் 1960 களின் இறுதியில் எடுத்துக்கொள்ளப் பார்த்தார்கள். அப்போது ஜீன் லம் என்னும் சீனக் கனடியப் பெண்மணியும் அவருடன் சேர்ந்தோரும் எதிர்த்து நின்று அத்திட்டத்தைத் தடுத்தார்கள். ஆயினும் பலர் ஏற்கெனவே மேற்கே ஸ்பெடைனா வீதிப் பக்கம் பெயர்ந்துவிட்டனர். எம்மவர் இந்நகருக்கு வந்த புதிதில் மீனுக்கும் மரக்கறிக்கும் தேடிச்சென்ற ஸ்பெடைனாச் சீனக்கடைகளுக்குப் பின்னால் ஓர் இடப்பெயர்வு இருந்தது என்பதை அன்று நாம் அறிந்தோமில்லை.

2015 இல் நகரசபைக்குப் பின்புறமாக ஆமரி வீதியருகே வாகனத் தரிப்பிடமாயிருந்த நிலத்தை, புதிய நீதிமன்றம் கட்டுவதற்காக அகழ்ந்தார்கள். கறுப்பின மக்களின் மெதடிஸ்த தேவாலயத்தின் அத்திவாரமும் கோப்பைகளும் சப்பாத்துகளும் விளையாட்டுப் பொருள்களும் வெளிப்பட்டன. இத்தாலியக் கட்டடக் கலைஞர் றென்சோ பியானோவின் நிறுவனம் வரைந்த அந்நீதிமன்றம் 2023 இல் திறக்கப்பட்டது.

வரைபடங்களின் வகை பற்றி இரண்டொரு வார்த்தை சொல்லிவிடுவது நலம். கூரையை அகற்றிவிட்டு மேலிருந்து நோக்கினாற்போல வரைவது கிடைப்படம். நேரே முன்னின்று நோக்குவது நிலைப்படம். தோடம்பழத்தை நடுவே வெட்டியதுபோலக் கட்டடத்தின் உள்ளைக் காட்டுவது வெட்டுமுகப்படம். இவை மூன்றும் வேலைக்கானவை. நான்காவதாகத் தோற்றப்படம் என்று ஒன்றுண்டு. பணம் கொடுப்பவருக்கும் அமைச்சருக்கும் வீடு வாங்க வருபவருக்கும் காட்டுவது அதைத்தான். அதில் வானம் எப்போதும் நீலம். மரங்கள் எப்போதும் பச்சை. மெலிந்த ஒரு பெண் நாய்க்குட்டியுடன் உலாவுவாள். ரொறொன்ரோவில் பனி கொட்டும் நாளொன்றைக் காட்டும் விற்பனைப் படத்தை நாம் இன்றுவரை கண்டதில்லை. பேருந்துக்குக் காத்துநிற்பவரையும் அதில் கண்டதில்லை.

முன்னாளில் நாம் வகுப்பில் பிள்ளைகளிடம் வீடொன்று வரையச் சொன்னால், எல்லாரும் முன்புறத்தையே வரைவார்கள். நடுவில் கதவு, இருபுறமும் யன்னல், பக்கத்தில் ஒரு தென்னை. பின்பக்கத்து அடுக்களையை வரைந்த பிள்ளை ஒன்றுகூட இல்லை. சட்டி பானையோடு நாள் முழுவதும் அங்கே நின்ற தாயும் படத்தில் இல்லை. பெரியவர்கள் வரையும் படங்களும் இந்தப் பழக்கத்தை விட்டு வெகுதூரம் சென்றுவிடவில்லை.

மனிதரைப் படத்தில் சேர்த்ததால் அதிகாரத்தை அசைத்த வரைபடமும் உலகில் உண்டு. 1788 இல் இங்கிலாந்தில் அடிமை வணிகத்தை எதிர்த்தவர்கள் ‘புறூக்ஸ்’ என்னும் கப்பலின் கிடைப்படத்தை வெளியிட்டார்கள். சரக்கு எங்கே என்று மட்டும் காட்ட வேண்டிய படத்தில், தளமெங்கும் நெருக்கி அடுக்கப்பட்ட 400 இற்கும் மேற்பட்ட மனித உருவங்களை வரைந்து அச்சிட்டுச் சுவர்தோறும் ஒட்டினார்கள். கப்பலின் அளவுகளைப் படத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். வணிகர் வரையாமல் விட்ட மனிதரை மட்டும் அதில் சேர்த்தார்கள். பிரித்தானியாவில் அவ்வணிகம் 1807 இல் சட்டத்தால் தடைசெய்யப்படும் வரையும் அப்படம் மக்கள் கையில் இருந்தது.

எமது வாசல்களுக்கு வருவோம். றீஜன்ற் பார்க் குடியிருப்பு 1948 இல் கட்டத் தொடங்கப்பட்டது. பழைய கபேஜ்ரவுணின் சேரி வீடுகளை இடித்து, பச்சைப் புல்வெளியில் செங்கல் வீடுகள் எழுப்புவது திட்டம். வரைந்தவர்கள் நல்லெண்ணம் உள்ளவர்கள்தாம். வாகனமும் இரைச்சலும் வேண்டாமென்று குறுக்குத் தெருக்களைப் படத்திலிருந்து அழித்துவிட்டார்கள். தாளில் அது பூங்கா போல் இருந்தது. வாழ்ந்தவர்களுக்கோ கடையில்லை, கடந்து போவாரில்லை, இரவில் நடமாட்டமில்லை. நகரின் நடுவிலேயே ஒரு தீவு. 2005 அளவில் தொடங்கிய மீள்கட்டுமானத்தில் அதே தெருக்களைத் திரும்ப வரைந்து, விலைக்கு விற்கும் வீடுகளையும் வாடகை வீடுகளோடு கலந்து கட்டுகிறார்கள். அந்த மக்கள் இரண்டாம் முறையும் சாமான் கட்டினார்கள்.

சென் ஜேம்ஸ்ரவுண் பற்றி எம்மவருக்கு விளக்கம் வேண்டியதில்லை. வெலஸ்லி, ஷேர்போர்ண், பார்லிமென்ற் வீதிகளுக்கிடையே 1960 களில் எழுந்த அம்மாடிக் கட்டடங்களுக்குக் கனடிய நகரங்களின் பெயர்களைச் சூட்டினார்கள். நகரின் நடுவில் வேலைபார்க்கும் இளம் வயதினருக்கென அவை வரையப்பட்டன. தனியாளும் புதுமணத் தம்பதியுமே வரைந்தவரின் மனதில் இருந்தோர். அப்படியானவர்களுக்கு வரைந்த ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்குள் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நாம் குடிபுகுந்தோம்: தாய், தந்தை, மூன்று பிள்ளைகள், ஸ்பொன்சரில் வந்த அம்மா, வழக்கு முடியும்வரை தங்கியிருக்கும் மைத்துனர். குசினி ஒருவர் நின்று முட்டை பொரிப்பதற்கு வரையப்பட்டது. அதில் நாம் ஏழு பேருக்குக் குழம்பு தாளித்தோம். புகை நடைவழிக்குச் சென்றது, அயலார் முறைப்பாடு செய்தனர். உடுப்பு வைக்கும் அலுமாரியின் மேற்தட்டு சுவாமி அறையாயிற்று. பல்கனி மரணச் செய்தி வந்த இரவில் தனியே அழுவதற்கான இடமாயிற்று. மாடியொன்றுக்கு இத்தனை பேர் என்று கணக்கிட்டு அமைத்த மின்தூக்கி பழுதுபட்டபோது குழந்தை வண்டியையும் பால் பெட்டியையும் தூக்கிக்கொண்டு படியேறியது எத்தனை தாய்மார்! நாம் வந்து அவ்விடத்தைப் பாழாக்கிவிட்டோம் என்று பேசியோர் உண்டு. ஒருவருக்காக வரைந்த படத்துக்குள் எழுவர் வாழவேண்டியிருந்த காரணத்தை அவர்கள் கேட்டாரில்லை.

ஸ்காபரோவுக்குச் சென்றோர் பேஸ்மென்றில் குடியிருந்தனர். வீட்டு வரைபடத்தில் நிலக்கீழ்த் தளம் பெரும்பாலும் வெறும் பெட்டி. உலையும் நீர்க்கொதிகலனும் மட்டும் குறித்திருக்கும். சாளரம் கையகலம். அந்தப் பெட்டிக்குள்ளேதான் எமது பிள்ளைகள் பலர் படித்துப் பட்டம் பெற்றார்கள். 1994 இல் ஒன்ராறியோ அரசு பேஸ்மென்ற் குடியிருப்புகளை அனுமதிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. அடுத்து வந்த அரசு 1996 இல் அதனைத் திருப்பிக்கொண்டது. ரொறொன்ரோ நகரம் தன் துணைவிதி மூலம் 2000 ஆம் ஆண்டளவில் மீண்டும் இடமளித்தது. இத்தனை இழுபறியிலும் அங்கே ஆட்கள் வாழ்ந்துகொண்டேதான் இருந்தார்கள். வரைபடத்தில் இல்லாத குடியிருப்பாளருக்கு வாடகைப் பற்றுச்சீட்டும் இல்லை. தீப்பிடித்தால் வெளியேற இரண்டாவது வழியும் இல்லை.

இவையெல்லாம் அந்நியர் செய்த வேலை என்று எண்ணி மனம் ஆறிவிட வேண்டாம். இலங்கையின் மலையகத்துக்குப் போவோம். தோட்டத்துரையின் பங்களா குன்றின் மேல், காற்றும் காட்சியும் பார்த்து, முன்னால் பூந்தோட்டத்துடன் வரையப்பட்டது. தொழிலாளருக்கான லயனை வரைய அதிகம் சிரமப்படத் தேவையிருக்கவில்லை. 10 அடிக்கு 12 அடி அறையொன்றை வரைந்துவிட்டால், அதனையே பத்து முறை, பன்னிரண்டு முறை பக்கத்தில் பக்கத்தில் படியெடுத்தால் போதும். ஒரு குடும்பத்துக்கும் அடுத்த குடும்பத்துக்கும் இடையே ஒரு சுவர். பிறப்பும் இறப்பும் மணமும் சண்டையும் அந்தச் சுவரைக் கடந்து கேட்கும். யாழ்ப்பாணத்தில் எத்தனை ஆசிரியர்கள் இதை வகுப்பிற் சொன்னோம்? நாமும் சொல்லவில்லை.

யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டை நினைத்து நாம் உருகுவதுண்டு. நடுமுற்றத்தில் விழும் மழையும் தலைவாசலின் குளிர்ச்சியும் மறக்கத்தக்கன அல்ல. அந்த வீட்டைக் கட்டக் கடதாசி வரைபடம் வேண்டியிருக்கவில்லை. மேசன் கயிறு பிடித்து நிலத்திலேயே கோடிழுப்பார். ஆனால் நிலத்தில் இழுபடாத வேறு கோடுகளும் இருந்தன. இன்னார் படலையடியோடு நிற்க வேண்டும், இன்னார் திண்ணை வரை, இன்னார் முற்றம் வரை. கிணற்றிலே துலாவைத் தொடக்கூடாதவர் யார், சிரட்டையில் தண்ணீர் குடிக்க வேண்டியவர் யார் என்பதைச் சிறு பிள்ளையும் அறிந்திருந்தது. அந்த மேசனே கட்டி முடித்த வீட்டின் உள்ளறைக்குள் பிறகு நுழைய முடியாதவராய் இருந்ததும் உண்டு. மயமதம் முதலிய பழைய சிற்பநூல்கள் ஊரமைப்பை விதிக்கும்போதே வருணத்துக்கு வருணம் இடம் பிரித்து, ஒதுக்கப்பட்டோரை ஊருக்கு வெளியே வைத்தன. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957 இல் வந்தும், மாவிட்டபுரம் கோயில் வாசலில் 1968 இல் சத்தியாக்கிரகம் செய்தே கேட்க வேண்டியிருந்தது.

அந்தச் சூழலில் 1959 இல் திறந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் பெருமை நன்கு விளங்கும். 1933 இல் க. மு. செல்லப்பா தம் வீட்டில் தொடங்கிய சிறு நூற்சேகரிப்பு அது. சென்னையிலிருந்து வந்த கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைந்தார். நூலகவியலறிஞர் இரங்கநாதன் ஆலோசனை வழங்கினார். குவிமாடமும் அகன்ற படிகளும் அழகுக்காக மட்டும் அமைந்தவையல்ல. கோயிலின் உள்வீதியில் இடமில்லாதவரும் அந்தப் படிகளில் ஏறி உள்ளே சென்று ஒரு நூலை விரிக்கலாம். 1981 மே 31 நள்ளிரவையொட்டி அது 97,000 நூல்களுடன் எரிக்கப்பட்டது.

ஓராண்டு ஆகுமுன், 1982 ஏப்ரலில், கோட்டேயில் புதிய பாராளுமன்றம் திறக்கப்பட்டது. வரைந்தவர் ஜெஃப்ரி பாவா, உலகம் மெச்சிய கலைஞர். வெட்டியெடுத்த ஏரியின் நடுவே செப்புக் கூரைகள் மிதப்பதுபோன்ற அந்தக் காட்சி அழகானதுதான். அழகிய அந்த ஏரி மக்களுக்கும் மன்றத்துக்கும் இடையே அகழியாகவும் கிடக்கிறது. 1983 ஆகஸ்டில் ஆறாவது திருத்தம் வந்தது; சத்தியம் செய்ய மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்களின் ஆசனங்கள் வெறுமையாயின. கிடைப்படத்தில் அவற்றுக்கும் இடம் வரைந்திருந்தது.

இவ்வளவும் எழுத ஒரு காரணம் உண்டு. ஸ்காபரோவின் வடகிழக்கே ஸ்ரெயின்ஸ் வீதியில் தமிழ்ச் சமூக மையம் அமைப்பதற்கு மத்திய, மாகாண அரசுகள் 2021 இல் 26 மில்லியன் டொலருக்கு மேல் அறிவித்தன. இதுவரை பிறர் வரைந்த படங்களுக்குள் ஒடுங்கி வாழ்ந்த நாம், முதன்முறையாக எமக்கென ஒன்றை வரையச் சொல்லும் நிலைக்கு வந்திருக்கிறோம். இம்மையத்துக்கானாலும், நாளை எழும் கோயில் மண்டபத்துக்கானாலும், முதியோர் இல்லத்துக்கானாலும் படம் காட்டும் கூட்டமொன்று நடைபெறும். வழக்கம்போல் நீல வானத்துடன் தோற்றப்படத்தைத்தான் முதலில் திரையில் போடுவார்கள். கோபுர வடிவம் வேண்டுமா, யாழ் வடிவம் வேண்டுமா என்று முன்வரிசையில் இருப்போர் வாதிடுவார்கள். வாதிடட்டும். அதற்குள் ஒருவர் எழுந்து கிடைப்படத்தைக் கேட்க வேண்டும். சமையலறையின் புகைபோக்கி எங்கே? துப்புரவுத் தொழிலாளி மதியம் உட்கார்ந்து உண்ணும் அறை எங்கே? மலையகத்திலிருந்தோ தமிழகத்திலிருந்தோ வந்தவருக்கும், ஊரில் எமது படலையடியில் நிறுத்தப்பட்டவரின் பேரப்பிள்ளைக்கும் மண்டபத்தை ஒரே கட்டணத்துக்குக் கொடுப்பீர்களா? பெண்கள் கைக்குழந்தையோடு இருக்கும் இடம் மேடையைப் பார்க்கும் பக்கமா, மறைக்கும் பக்கமா?

வாகனம் இல்லாத முதியவர் ஒருவரையும் அக்கூட்டத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். படத்தை மேசையில் விரித்து, பேருந்து நிற்கும் இடத்தில் அவரது சுட்டுவிரலை வைக்கச் செய்து, அங்கிருந்து வாசல் வரைக்கும், வாசலிலிருந்து கழிப்பறை வரைக்கும் அந்த விரலாலே நடந்து காட்டச் சொல்லுங்கள். தை மாதத்துப் பனியில், ஊன்றுகோலோடு நடப்பதாக எண்ணிக்கொண்டு நடக்கட்டும்.